கண்டியில் தூக்கிக் காட்டிய வில்லை

கடைக்குப் பாண் வாங்கப் போவதென்றாலும் உங்கள் அம்மா என்னை வாசலில் மறிப்பாள். சேட்டுப் பையிலிருந்து அடையாள அட்டையை வெளியே எடுத்து, அதிலுள்ள படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். போன கிழமை சின்னவள், "அம்மாதான் இந்த வீட்டுச் செக்பொயின்ற்" என்றாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பெரியவன் கவனித்துவிட்டான். ஏன் என்று கேட்டான்.

வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுதினால் எல்லாம் ஒழுங்காக வரும் என்று நினைத்து இந்தக் கொப்பியை எடுத்திருக்கிறேன்.

அப்போது யுத்த காலம். எங்கள் கடற்கரையில் இப்போது ஐஸ் கம்பனி இருக்கிற இடத்தில் நேவிக் காம்ப் இருந்தது. கடலுக்குப் போகிறவன் அங்கே போய் அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, நம்பர் அடித்த தகர வில்லை ஒன்றைத் தருவார்கள். என்னுடையது முப்பத்தொன்று. கரைக்கு வந்ததும் வில்லையைக் கொடுத்து அட்டையை வாங்க வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்குப் புத்தகத்தை மூடுவார்கள். அதற்குள் ஒருவன் அட்டையை எடுக்கவில்லை என்றால் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டு கருத்து வைத்திருந்தார்கள். ஒன்று, கடல் கொண்டுபோய்விட்டது. மற்றது, வடக்கே சண்டை பிடிக்கிற ஆட்களோடு சேரப் போய்விட்டான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. கடலில் நேவிப் போட் வந்தால் ஓடவும் கூடாது, குனியவும் கூடாது. துடுப்பைப் போட்டுவிட்டு எழும்பி நின்று, வில்லையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அவர்கள் விசில் ஊதினால் நாங்கள் தூக்குவோம். நாளாக நாளாக அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. "கல்யாண வீட்டில சின்னப் பிள்ளை விசில் ஊதினாலும் உனக்குக் கை மேல போகும்" என்று எங்கள் ஆட்கள் பகிடி விடுவார்கள்.

உங்கள் அம்மா அப்போது ஐந்து மாதம். வயிற்றில் பெரியவன். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போனது உங்களுக்குத் தெரியாது. அதனால் அவள் பயந்து பயந்து நடந்தாள். சிலாபச் சந்தையில் மீன் வாங்க வருகிற ஒரு சிங்கள அம்மா, கண்டிப் பத்தினி தேவாலயத்தில், அதாவது நம்ம கண்ணகி அம்மன் கோயிலில், ஒரு தேங்காய் உடைத்தால் பிள்ளை நிற்கும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே கதைதான். பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போக முடியாது. கட்டாரில் இருந்த உங்கள் மாமா, தனக்குப் பழக்கமான, வான் வைத்து ஓட்டுகிற ஒருவருக்குச் சொல்லி ஒரு நாளுக்கு ஒழுங்கு செய்தார்.

அந்த மனிதர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். முன்பு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு கண்டி காட்டுகிற தொழில். யுத்தத்தால் வெள்ளைக்காரர் வருவது குறைந்துவிட்டது. மீன் வாடியில் பழகிய தமிழ் அவருக்கு நல்லாய் ஓடும். அம்மாவை 'நங்கி', தங்கச்சி என்றார், என்னைத் 'தம்பி' என்றார். நாங்கள் அவரை அண்ணன் என்றோம்.

போவதற்கு முந்தின நாள் நான் தோணியில் தனியப் போனேன். பின்னேரம் காற்று விழுந்து, நீரோட்டம் என்னைத் தெற்கே தள்ளிவிட்டது. வேறொரு துறையில் தோணியை இழுத்துப் போட்டுவிட்டு நடந்து ஊருக்கு வரும்போது ஆறு தாண்டிவிட்டது. காம்ப் படலை மூடியிருந்தது. விடியப் போகிற வழியில் இறங்கி எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிய வான் வந்துவிட்டது. அவசரம். பழைய சேட்டில் இருந்ததை நல்ல வெள்ளைச் சேட்டுக்கு மாற்றினேன். அம்மா வழக்கம் போல என் பையின் மேல் கையை வைத்து அமத்திப் பார்த்தாள். "இருக்கா?" "ஓம், இருக்கு." கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவள் அப்படித்தான் அமத்துவாள். கைக்கு அந்தத் தகரம் பட்டால் எல்லாம் சரி. இரண்டு பேருக்கும் அன்றைக்கும் அது பட்டது, எல்லாம் சரி என்று ஏறிவிட்டோம். காம்ப் வாசலை வான் தாண்டிப் போனது. எனக்கு நினைவே வரவில்லை.

குருநாகலுக்கு முன்னால் ஒரு செக்பொயின்ற். ஆமிக்காரர் ஒருவர் தலையை உள்ளே விட்டு அட்டைகளைக் கேட்டார். அம்மா தன்னுடையதை நீட்டினாள். நான் பைக்குள் விரலை விட்டேன். வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது. அட்டை வட்டமில்லை.

ஒரு தமிழன், கடற்கரை ஊர்க்காரன், அட்டை இல்லாமல் கண்டிக்குப் போகிறான். பிடித்தால் விசாரிக்க உள்ளே போடுவார்கள். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து மாத வயிற்றோடு அவள் தெரியாத ஊரில் தனியே நிற்பாள்.

வான்கார அண்ணன் ஆமிக்காரரோடு சிரித்துக் கதைத்தார். "நங்கிக்குப் பிள்ளை. பத்தினி தேவாலயத்துக்குப் போறோம்." பின்னால் ஒரு லொறி ஹோண் அடித்தது. ஆமிக்காரர் அம்மாவின் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் காட்டினார். என்னைக் கேட்கவில்லை.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணன், வானைத் திருப்புங்க' என்று ஒரு வசனம் போதும். வாயைத் திறக்கும்போது அம்மா என் தோளைத் தட்டினாள்.

"அந்தா பாருங்க! அதுதானா மலை?"

"அது மலை இல்ல நங்கி, அது வெறும் கல்லு" என்றார் அண்ணன். "இதுக்கே வாயைத் திறந்தா மலைக்கு என்ன செய்வீங்க?"

அவள் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

கலகெதரையில் வளைவுகள் தொடங்கின. நான் கடலில் எந்த அலைக்கும் சத்தி எடுக்காதவன், அந்த வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். அது மலையால் மட்டுமில்லை. அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை வைத்திருந்தார். "இந்த இடத்தில ஒளிஞ்சு நிண்டு, கீழ இருந்து வந்த வெள்ளைக்காரன் மேல எங்கட ஆட்கள் கல்லை உருட்டி விட்டாங்க. அவன்ட பீரங்கி பள்ளத்தில போச்சு." தானே உருட்டிய மாதிரிச் சொன்னார். "அந்தக் காலத்தில கண்டிக்குள்ள யாரும் லேசில போக ஏலாது. வழியில முள்ளுப் படலை. ராஜாட்ட உத்தரவு வேணும்." அம்மா, "இப்பவும் அப்பிடித்தானே அண்ணன்" என்றாள். அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஆண்களை இறக்கி நடக்க விட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் சாக்கு நிறையப் பலாக்காய் வைத்திருந்தார். காவலுக்கு நின்றவர் சாக்குக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் எனக்குப் 'போ' என்று கை காட்டினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனபோது என் வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கீழே ஆறு ஓடியது. அதைப் பார்க்கவே இல்லை நான்.

அண்ணன் முதலில் எங்களை மேலே, ஊர் முழுக்கத் தெரிகிற ஒரு மேட்டுக்குக் கொண்டுபோனார். கீழே வாவி, அதன் கரையில் அலை அலையாகக் கட்டிய வெள்ளைச் சுவர், புத்தரின் பல் வைத்திருக்கிற தலதா மாளிகையின் கூரை, சுற்றிவர மலை.

"கடைசி ராஜா வெட்டின வாவி" என்றார்.

"கடலைப் பாத்த எங்களுக்கு இது கிணறு மாதிரி" என்றாள் அம்மா.

"ராஜா கேட்டா கோவிப்பார் நங்கி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவரும் உங்கட பக்கத்து ஆள்தான், தெரியுமா? சொந்தக்காரர் எல்லாம் இந்தியாவில இருந்து வந்தவங்க. தமிழில கையெழுத்துப் போட்ட பிரதானிகளும் இருந்தாங்களாம். இதை இங்க சத்தமாச் சொல்லாதீங்க."

அந்த ராஜா இன்றைக்கு வந்து இறங்கினாலும் அட்டையைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். அங்கே அண்ணன் எடுத்த படம்தான் ஹோலில் தொங்குகிறது. அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்பாள். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். மரியாதைக்கு வைத்திருக்கிறேன் என்றுதான் இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொன்னேன். பொய்.

தேவாலயம் மாளிகைக்குப் பக்கத்தில். போகிற வழியில் பெரிய காவல். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, ஒவ்வொருவரும் அட்டையைக் கையில் பிடித்திருந்தார்கள். இங்கே பலாக்காய்ச் சாக்கு இல்லை.

"எனக்கு வயித்துக்குள்ள சரியில்ல. நீ அண்ணனோட போயிட்டு வா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இவ்வளவு தூரம் வந்து? பிள்ளைக்காக உடைக்கிற தேங்காய். தகப்பன் நிக்க வேணாமா?"

"அந்த வளைவு தம்பிக்குப் பிடிக்கல்ல" என்று அண்ணன் இடையில் விழுந்தார். "கடல்காரனுக்கு மலை ஒத்துவராது. வாங்க நங்கி."

அவள் தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் வாவிச் சுவரோரம் ஒரு மரத்தடியில் குந்தினேன். இன்னும் அரை மணித்தியாலம், பிறகு வானில் ஏறிவிடுவோம், வீட்டுக்குப் போய்த்தான் இவளுக்குச் சொல்வது என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் விசில் கேட்டது.

ரோட்டில் ஒரு சைக்கிள்காரன் பிழையான பக்கத்தால் வந்திருக்கிறான். பொலிஸ்காரர் அவனுக்குத்தான் ஊதினார். என்னை யாரும் பார்க்கவும் இல்லை. ஆனால் என் உடம்புக்கு அது தெரியவில்லை. முன்னால் தண்ணீர், காதில் விசில். நான் துள்ளி எழும்பி, வில்லையை எடுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

வாவிக்கரையில் நடந்த சனம் நின்று பார்த்தது. சைக்கிள்காரன் தப்பிப் போனான். பொலிஸ்காரர் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் இளம் ஆள், துவக்கை முன்னால் பிடித்திருந்தார். மற்றவர் தலை நரைத்த சார்ஜன்.

"கையில என்ன?" சிங்களத்தில் கேட்டார்கள். எனக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். அந்த நேரம் அதுவும் பாதி மறந்துவிட்டது.

"நேவி தந்தது."

"நேவியா? கண்டியிலயா?" இளம் ஆள் வில்லையைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட்டை எங்க?"

"அட்டை நேவியிட்ட."

அந்தப் பதில் கடற்கரையில் எவ்வளவு சரியான பதில்! கண்டியில் அது காதில் விழ எனக்கே பயமாக இருந்தது. என்னைக் காவல் கூடாரத்துக்குக் கொண்டுபோய், செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு வாங்கில் இருத்தினார்கள். சார்ஜன் ஊரைக் கேட்டார், காம்பைக் கேட்டார், டெலிபோனைச் சுற்றினார். லைன் கிடைக்கக் கன நேரம் எடுத்தது. ஒவ்வொரு முறை அவர் சுற்றும்போதும் நான் எங்கள் அம்மனைக் கும்பிட்டேன். காம்பில் கேட்டால் சரி, எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

லைன் கிடைத்தது. சார்ஜன் முப்பத்தொன்று என்று நம்பரைச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்த பார்வை மாறியது.

"முப்பத்தொன்று நேற்றுக் கடலுக்குப் போனவன். கரைக்கு வரவில்லை. காலையிலயிருந்து தேடுறாங்களாம்." ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: "நேவி சொல்றபடி நீ கடல்ல இருக்கிறாய். அப்ப இங்க இருக்கிறது யார்?"

அந்த நேரம் கூடார வாசலில் அம்மா நின்றாள். கையில் உடைத்த தேங்காயின் ஒரு பாதி. என்னைத் தேடி அலைந்து, சனம் கதைத்ததைக் கேட்டு வந்திருக்கிறாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். பின்னால் வந்த அண்ணன் கூடாரத்துக்குள் வந்து, தன்னுடைய அட்டை, லைசன், வானின் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

"சேர், இவங்களை வீட்டு வாசல்ல ஏத்தினவன் நான். என்னோடதையும் வச்சுக்கொள்ளுங்க."

"நீ ஏத்தினாய். ஏத்தின ஆள் யார் எண்டு உனக்குத் தெரியுமா?"

அன்றைக்கு விடியத்தான் அவர் என்னை முதல் முதலாகப் பார்த்தார்.

டெலிபோனில் மற்றப் பக்கம் ஏதோ சத்தம். சார்ஜன் கேட்டுவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினார். "புத்தகம் எழுதுறவன் உன்ட குரலைக் கேட்க வேணுமாம்."

புத்தகம் எழுதுகிற நேவித் தம்பிக்கும் எனக்கும் தினமும் ஒரு விளையாட்டு இருந்தது. அவர் என்னிடம் படித்த தமிழில் "கடல் எப்பிடி?" என்று கேட்பார். நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன். மூன்று வருசமாக ஒரே பகிடி, இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

ரிசீவரைக் காதில் வைத்தேன். சிங்களத்தில் ஒரு சொல்லும் இல்லை. தமிழில் கேட்டார்: "கடல் எப்பிடி?"

துவக்கோடு நின்ற இளம் ஆள் தமிழ் கேட்டதும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இன்னும் உப்புத்தான், மாத்தயா."

பிறகு அவர் பேசிய பேச்சை உங்களுக்கு எழுத முடியாது. நாய், பேய் என்பதெல்லாம் அதில் மரியாதையான சொற்கள். "உன்னைத் தேடி விடிய ரெண்டு போட் போச்சு. உன்ட வீடும் பூட்டிக் கிடக்கு. நீ மலை பாக்கப் போயிருக்கிறாயா?" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. ஆறு மணிக்குக் காம்ப் பெரியவருக்குக் காணாமல் போனவர்களின் அறிக்கை போகும், அதற்கு முன் வில்லையோடு முன்னால் நிற்க வேண்டும், அறிக்கை போய்விட்டால் பிறகு தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

சார்ஜன் ஒரு கடதாசியில் விசயத்தை எழுதி, முத்திரை குத்தி, வழியில் காட்டச் சொல்லித் தந்தார். அண்ணனிடம் கையெழுத்து வாங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது, "தம்பி" என்று கூப்பிட்டார். நான் திரும்பினேன். "இங்க கடல் இல்ல. இனி விசில் கேட்டாக் கையைக் கீழ வச்சுக்கொண்டு இரு."

மணி ஒன்றரை தாண்டியிருந்தது. பேராதனைத் தோட்டம் பார்ப்பதாக இருந்தது. ஆனைக்கால் போல வேர் விட்ட மரங்கள் இருக்கின்றன என்று அண்ணன் காலையில் ஆசை காட்டியிருந்தார். வான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கலகெதரை இறக்கத்தில் மழை பிடித்தது. அண்ணன் ஒரு கதையும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். விரைந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை வைத்துக்கொண்டு அந்த வளைவில் எப்படிச் சொல்வது? வானில் இருந்த மணிக்கூட்டையும் அவள் வயிற்றில் வைத்திருந்த கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குருநாகலில் அந்தக் கல்லு தெரிந்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அட்டை இல்லையெண்டு எங்க வச்சுத் தெரியும் உங்களுக்கு?"

"இங்க வச்சுத்தான். போகும்போது."

"அப்ப பாலத்தில நடந்து போகும்போதும் தெரியும்."

"ஓம்."

"மேல நிண்டு படம் எடுக்கும்போதும்?"

"ஓம்."

"நான் சிரிச்சுக்கொண்டு நிண்டேனே" என்றாள். "என்னைத் தனியச் சிரிக்க விட்டுட்டீங்க."

நீ பயந்துவிடுவாய், பிள்ளைக்குக் கூடாது என்று நினைத்தேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அது பாதிதான் உண்மை. அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதுதான் மற்றப் பாதி.

சிலாபத்தில் ரெயில் கேற்றில் அகப்பட்டோம். ரெயில் வருகிற பாடில்லை. அண்ணன் இறங்கிப் போய்க் கேற்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார். ஐந்து இருபது. ஐந்து முப்பது. கேற் திறந்ததும் அவர் அதுவரை ஓடாத ஓட்டம் ஓடினார்.

காம்ப் வாசலில் வான் நின்றபோது ஆறுக்கு ஏழு நிமிடம் இருந்தது. நான் குதித்து ஓடினேன், மணலில் செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. நேவித் தம்பி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். வில்லையை மேசையில் வைத்தேன். என் பெயருக்கு நேரே சிவப்பு மையால் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. அவர் அதை வெட்டி, மணியைக் கேட்டுப் பக்கத்தில் எழுதினார். பெட்டிக்குள் தனியே கிடந்த அட்டையை எடுத்து நீட்டினார். திட்டவில்லை. "கடல் எப்பிடி?" என்றும் கேட்கவில்லை.

என் கைக்கு வருமுன் அட்டையை இன்னொரு கை வாங்கியது. அம்மா மணலில் நடந்து வந்து எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், ஒரு கையில் என் செருப்பு. புத்தகத்தில் அந்தச் சிவப்புச் சொல்லைப் பார்த்தாள். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். பிறகு அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"இனி மேலால அமத்திப் பாக்க மாட்டேன்" என்றாள். "எடுத்துத்தான் பாப்பேன்."

அட்டையை என் பைக்குள் அவளே வைத்தாள். வானுக்குள்ளிருந்து அண்ணன் தலையை நீட்டி, "நங்கி, தோட்டம் பாக்கல்லியே!" என்று கத்தினார்.

"இன்னொரு நாளைக்கு வாங்க அண்ணன்" என்று அவளும் கத்தினாள். "இவர் கடல்ல இல்லாத நாளாப் பாத்து."